ஒரு வண்டி மிச்சம்

பஸ்ஸை விட்டு இறங்கி, சேற்றை மிதித்துக்கொண்டு தகர வேலிக்குள் நுழைந்தபோது பாப்பாவின் கண்ணில் முதலில் பட்டவை இரண்டு கான்கிரீட் கட்டிகள். ஒற்றைச் சக்கரக் கைவண்டியில் இருந்த கலவையைத் தரையில் கவிழ்த்து அப்படியே காயவிட்டதுபோல, வண்டியின் வடிவம்கூட மாறாமல் இறுகிக் கிடந்தன. கான்கிரீட் போடும் இடத்தில் மிச்சம் மீதி கிடப்பது அதிசயமில்லை. ஆனால் இரண்டும் ஒரே அளவாக இருந்தன. வேறு யாராக இருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். அவளுக்கோ எதைப் பார்த்தாலும் எத்தனை லிட்டர் என்று மனசுக்குள் கணக்குப் போடும் வியாதி உண்டு.

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். முப்பத்திரண்டு வயதுப் பாப்பா. வெளியே எஸ்டிமேட்டர். ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், எவ்வளவு மணல், எவ்வளவு ஜல்லி, எத்தனை கிலோ கம்பி என்று ஒன்று விடாமல் போட்டுக் கொடுப்பவள். அண்ணனுக்கும் அதே தொழில். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சே கன மீட்டரில்தான் இருக்கும் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த அண்ணன் வேலை பார்த்த இடம்தான் இது. இருபத்து மூன்று நாளைக்கு முன்னால் ஒரு மாலை இங்கிருந்து கிளம்பியவன் வீடு வந்து சேரவில்லை. அவன் கைபேசி இங்கே ஆபீஸ் மேஜை இழுப்பறையில் கிடந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். "வயசு ஆம்பளை, எங்கயாவது போயிருப்பான், தானா வருவான்" என்று அங்கே பதில் வந்தது. அன்றிலிருந்து அம்மா வாசல் கதவைத் தாழ் போடாமல்தான் படுக்கிறாள். அண்ணன் உயிரோடு இருக்கிறானா, இல்லையென்றால் எங்கே கிடக்கிறான் என்று தெரியாமல் இந்தத் தொண்டையில் ஒரு வாய் சோறு இறங்காது என்று பாப்பாவுக்குத் தோன்றிவிட்டது. அவன் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வந்து சேர்ந்துகொண்டாள். தங்கை என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

"வாங்க மேடம். வேலை நின்னு மூணு வாரம் ஆகுது. மழை ஒரு பக்கம், கணக்குப் பார்க்க ஆள் இல்லாதது ஒரு பக்கம்" என்றபடி மேஸ்திரி வந்தார். நெற்றியில் பவுடர் பூசியதுபோல எப்போதும் சிமெண்ட் படிந்திருக்கும் மனிதர். அவர் பின்னால், கயிற்றில் பாரம் ஏற்றி இறக்கும் வின்ச்சைச் சுற்றுபவர் நின்றார். அவரை எல்லாரும் மொட்டை என்று கூப்பிட்டார்கள். தலை நிறைய முடி வைத்திருந்தவரை ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை.

பழைய கிடங்கு ஒன்றை இடித்துவிட்டு அங்கே புதுக் கட்டடம் எழுப்புகிறார்கள். மண் இளகலானது. அதனால் பன்னிரண்டு இடத்தில் வட்டக் குழி தோண்டி, அடியில் ஃபூட்டிங் என்ற அடித்தளம் போட்டு, அதன் மேல் தூண் வார்க்க வேண்டும். குழி ஒவ்வொன்றும் தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம், ஆறு மீட்டர் ஆழம். மண் சரியாமல் இருக்க உள்ளே வழவழவென்று இரும்பு உறை. அதற்குள் கம்பிக்கூடு. ஒரு ஆள் இறங்கி நின்றால் இரண்டு முழங்கையும் கம்பியில் இடிக்கும்.

மண் குழி என்றால் கண்டபடி கலவை குடிக்கும், எஸ்டிமேட் போடுபவன் ஐந்து சதவீதம் கூட்டித்தான் எழுதுவான். இரும்பு உறை போட்ட குழியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கம்பிக்கூடு பிடிக்கும் ஒரு வாளி அளவைக் கழித்தால் மூவாயிரத்து எண்ணூறு லிட்டர். ஒரு வண்டிக்கு அறுபத்தேழு லிட்டர். ஐம்பத்தேழு வண்டி கொட்டினால் குழியின் வாய் நிறைய வேண்டும்.

பதிவேட்டைப் புரட்டினாள். அண்ணனின் கையெழுத்து. குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. பார்த்ததும் கண் நிறைந்தது. மழைச்சாரல் பட்டதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்று, ஐம்பத்தேழு. இரண்டு, ஐம்பத்தேழு. மூன்றும் நான்கும் அப்படியே. ஐந்தாவது குழிக்கு எதிரில் ஐம்பத்தாறு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். அன்று மாலைதான் அவன் காணாமல் போனது. ஆறாவதை மறுநாள் காலையில் போட்டிருக்கிறார்கள். அது மேஸ்திரியின் கோணல் எழுத்து. ஐம்பத்தாறு.

"ரெண்டு குழியில ஒவ்வொரு வண்டி குறையுதே மேஸ்திரி?"

"எண்றதுல விட்டிருக்கும் மேடம். சாக்பீஸ்ல கோடு போட்டுத்தானே எண்றோம். ஒரு கோடு விட்டுப் போறது சகஜம்."

"ஒரு கோடு விட்டா குழி நிறைஞ்சு போயிருக்கும். வண்டி மிஞ்சியிருக்காது. வெளியில ரெண்டு வண்டிக் கலவை காய்ஞ்சு கிடக்குதே?"

மேஸ்திரி பல்லில் எதையோ குத்திக்கொண்டிருந்தார்.

பாப்பாவின் மூளை அவளைக் கேட்காமலே கணக்கைத் தொடர்ந்தது. குழியில் ஒரு வண்டி குறைகிறதென்றால் அந்த ஒரு வண்டி இடத்தை வேறு ஏதோ பிடித்திருக்கிறது. அறுபத்தேழு லிட்டர். ஒரு ஆள் தண்ணீரில் முங்கினால் எத்தனை கிலோவோ கிட்டத்தட்ட அத்தனை லிட்டர் வழியும். அண்ணனின் எடை அறுபத்தேழு கிலோ. பத்து வருஷமா ஒரு கிலோ ஏறலை பாரு என்று வயிற்றைத் தட்டிக் காட்டிக்கொண்டே இருப்பான்.

ஐந்தாவது குழியில் அண்ணன் எண்ணுவதில் தவறியிருப்பான் என்று வைத்துக்கொண்டாள். ஆறாவது, அவன் காணாமல் போன மறுநாள் காலையில் போட்டது. அந்த ஒரு வரிக்கு மேல் அவள் கண் நகரவில்லை. வெளியே ஓடி, அந்தக் கான்கிரீட் கட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறாவது தூணை உடைக்கச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதற்கு முதலில் கணக்கு உறுதியாக வேண்டும். நாளைக்கு ஏழாவது குழி. தானே அளந்து, தானே எண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை வானம் மூடிக்கொண்டிருந்தது. பாப்பா ஏழாவது குழியின் ஓரத்தில் குப்புறப் படுத்து, கயிற்றில் டார்ச் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்தாள். காலி. கம்பிக்கூடும் அடியில் உலர்ந்த ஃபூட்டிங்கும் தவிர ஒன்றுமில்லை. டேப் போட்டாள். ஆறு மீட்டர், ஒரு விரல் கூட இல்லை, குறைய இல்லை. ஒவ்வொரு வண்டியையும் மட்டம் தட்டிய பிறகே தள்ள விட்டாள். சாக்பீஸ் அவள் கையில்தான் இருந்தது.

கலவை உயரத்திலிருந்து விழுந்தால் ஜல்லி தனியாகப் பிரிந்துவிடும் என்று நீளக் குழாய் விட்டு அதன் வழியாகக் கொட்டினார்கள். முதல் சில வண்டிகள் தடதடவென்று இறங்கின. பத்தாவது வண்டிக்குப் பிறகு சத்தம் மாறியது. தரையில் விழும் சத்தமாக அது இல்லை. மெத்தென்று எதன் மேலோ விழுந்து, அதன் இரண்டு பக்கமும் வழிகிற சத்தம்.

கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். மறுபடி ஓட்டினார்.

நாற்பத்தெட்டாவது வண்டியில் குமிழிகள் வரத் தொடங்கின. கலவையில் குமிழி வருவது வழக்கம்தான். ஆனால் இவை ஒரே இடத்தில் வந்தன. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூச்சு விடும் இடைவெளியில்.

பிறகு நின்றுபோயின.

ஐம்பத்தாறாவது வண்டியோடு குழியின் வாய் நிறைந்தது. ஐம்பத்தேழாவது வண்டி நிறைந்த கலவையோடு ஓரத்தில் நின்றது. கணக்குப் பலகையில் ஐந்தைந்தாகப் பதினொரு கட்டுக் கோடுகளும் ஒரு தனிக்கோடும் இருந்தன. பாப்பா மூன்று முறை எண்ணினாள்.

"மறுபடியும் மிஞ்சிடுச்சா?" என்றார் மொட்டை மெதுவாக. "நான் அப்பவே சொன்னேன், யாரு கேக்கறாங்க. பழைய கிடங்கோட தரையைப் பேர்த்தப்ப நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு ஆழக் குழி இருந்துச்சு மேடம். மேல பலகை போட்டு, அது மேல ஒரு முழத்துக்குக் கான்கிரீட் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. உள்ள ஒண்ணும் இல்ல. காலிக் குழியை எவனாவது இவ்வளவு செலவு பண்ணி மூடுவானா?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடா" என்று மேஸ்திரி அதட்டினார். மிஞ்சிய வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போய்க் கவிழ்த்தார். மூன்றாவது கட்டி.

மொட்டை சொன்னது பாப்பாவின் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அவளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது குழி காலி என்று அவள் கண்ணாலேயே பார்த்தாள். உடம்பு எதுவும் உள்ளே இல்லை. ஆனாலும் ஒரு ஆள் அளவு இடத்தை யாரோ பிடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் அண்ணன் ஆறாவதில் முடிந்துபோய், வெளியே வர வழி தெரியாமல் திறந்திருக்கும் அடுத்த குழிக்கு நகர்ந்து நகர்ந்து வருகிறான். யாராவது தூக்கிவிடுவார்கள் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாம் அவன் தலையில் கான்கிரீட்டைக் கொட்டுகிறோம். இன்று சாக்பீஸ் பிடித்து எண்ணிக் கொட்டியவள் அவன் தங்கை.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துப்பட்டாவை அடைத்து அழுதாள்.

மூன்றாம் நாள் எட்டாவது குழி. கலவை மிக்சர் ஓடத் தொடங்குமுன் அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வின்ச் பக்கம் வந்தாள்.

"அடியில சேறு இறங்கியிருக்கான்னு நான் இறங்கிப் பார்க்கணும்."

"என்ன மேடம் விளையாடறீங்களா? டார்ச் விட்டுப் பார்த்தா போதாதா?" என்றார் மேஸ்திரி.

"பார்க்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஆறாவது குழிக்குப் பிறகு, எஸ்டிமேட்டரின் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டி நகரக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மேஸ்திரி வானத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மொட்டைக்குத் தலையாட்டினார். கயிற்றில் கட்டிய சின்னப் பலகையில் அவள் உட்கார்ந்தாள். மொட்டை ஒற்றைக் கையாலேயே வின்ச்சைச் சுற்றி இறக்கினார்.

"பயந்தா கயிறை மூணு தரம் இழுங்க மேடம். பயப்படலைன்னாலும் இழுங்க, எனக்குப் பயமா இருக்கு."

இரும்பு உறை அவளைச் சுற்றி உயர்ந்துகொண்டே போனது. துருவும் ஈர மண்ணும் கலந்த நாற்றம். கம்பிக்கூட்டின் வளையங்கள் ஒவ்வொன்றாக முகத்துக்கு நேரே மேலே ஏறின. பழக்கதோஷம், எண்ணினாள். முப்பதாவது வளையத்தில் கால் தரையில் பட்டது. அண்ணாந்து பார்த்தாள். வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

அந்தத் தட்டையும் யாரோ மூடினார்கள். தூறல் விழுகிறது, குழிக்குள் தண்ணீர் இறங்கக்கூடாது என்று மேஸ்திரி தார்ப்பாயை இழுத்துப் போட்டிருந்தார். கயிறு போகும் இடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.

டார்ச்சைத் தட்டினாள். எரிந்தது. சுற்றிலும் கம்பி, கம்பிக்கு அப்பால் இரும்பு. யாருமில்லை.

பலகையிலிருந்து இறங்கி நிமிர்ந்து நின்றாள். திரும்ப முயன்றாள்.

திரும்ப முடியவில்லை.

குழி சுருங்கவில்லை. கம்பிகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. அவளுக்கும் அவற்றுக்கும் நடுவில் இடம் இல்லை, அவ்வளவுதான். முதுகில் ஏதோ அழுந்தியது. நெஞ்சு கம்பியில் பதிந்தது. முழு மூச்சு இழுக்க முடியாமல் அரை மூச்சாக இழுத்தாள். டார்ச் பிடித்த கையை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை. நெரிசலான பஸ்ஸில் நிற்பதுபோல, அசைய முடியாமல் நின்றாள்.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

பிடரியில் சில்லென்று பட்டது. ஓடத் துடித்தது உடம்பு. ஓட எங்கே இடம்? ஆனால் அந்தப் பயத்தையும் மீறி ஒரு ஆசை எழுந்தது. இருபத்தைந்து நாளாகத் தேடியவளின் ஆசை.

"அண்ணா" என்றாள்.

மூச்சு மட்டும் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீதானா?"

காதுக்குப் பின்னால், மிக அருகில்.

"ம்."

பாப்பாவின் கண்ணீர் கன்னத்தில் இறங்கிக் கம்பியில் சொட்டியது. துடைக்கக் கை வரவில்லை.

"எதுக்குண்ணா இங்க நிக்கற? இருட்டுல தனியா எதுக்கு நிக்கற? அம்மா கதவைத் திறந்து போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. வாண்ணா. நம்ம வீட்டுக்குப் போலாம். என்கூட வந்துடு."

யோசிப்பதுபோல ஒரு அமைதி.

"ம்."

முதுகின் அழுத்தம் விலகியது. எப்படியோ பலகையில் உட்கார்ந்து கயிற்றை மூன்று முறை இழுத்தாள். கயிறு விறைத்தது. பலகை எழும்பவில்லை. மேலே யாரோ கத்தினார்கள். வின்ச் கிறீச்சிட்டது. பலகை ஒரு விரற்கடை எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. இந்தக் குழிக்குள்ளேயே இருந்துவிடுவோம், மேலே தெரியாமல் கலவையைக் கொட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கத்த வாயைத் திறந்தாள், காற்று வந்தது, குரல் வரவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். பலகை மெதுவாக, அங்குலம் அங்குலமாக ஏறத் தொடங்கியது.

தார்ப்பாயை விலக்கி அவளை வெளியே இழுத்துப் போட்டபோது வின்ச்சில் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மொட்டையின் முகம் வியர்த்து வழிந்தது.

"என்ன மேடம், இறக்கறப்ப இலை மாதிரி இருந்தீங்க. ஏத்தறப்ப மூணு பேரு மூச்சு முட்டிட்டோம். கீழேருந்து எதையாவது கட்டிக்கிட்டு வந்தீங்களா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழுததும் அண்ணா என்று கூப்பிட்டதும் குழாயில் பேசியதுபோல மேலே கேட்டிருக்கிறது.

"அந்தத் தம்பிக்கு நீங்க என்ன வேணும்?" என்றார்.

"தங்கச்சி."

அவர் தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

எட்டாவது குழி ஐம்பத்தேழு வண்டி வாங்கியது. கடைசி வண்டியைக் கரண்டியால் வழித்து ஊற்றிவிட்டு மேஸ்திரி கையைத் தட்டினார். வேலையாட்கள் எல்லார் முகத்திலும் ரத்தம் திரும்ப வந்தது. பாப்பா பதிவேட்டில் ஐம்பத்தேழு என்று எழுதினாள். குழியில் இப்போது யாரும் இல்லை. அண்ணன் ஏறி வந்துவிட்டான். உயிரோடு இல்லை என்ற துக்கமும் கூட்டி வந்துவிட்டோம் என்ற நிம்மதியும் அவளுக்கு ஒன்றாக வந்தன.

மாலை பஸ்ஸில் நல்ல கூட்டம். அவள் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருந்தது. நின்றுகொண்டு வந்த யாரும் அதில் உட்காரவில்லை. பாப்பா அந்த சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். ரெக்சின் சில்லென்று ஈரமாக இருந்தது.

வீடு மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. வெளியே போக ஒரே ஒரு கதவு, அதை ஒட்டினாற்போலக் குளியலறை. படியேறும் சத்தம் கேட்டு அம்மா கதவைத் திறந்தாள்.

"வா, வா" என்றாள்.

அம்மா எப்போதும் இரண்டு முறைதான் சொல்வாள். இன்று அதைக் கேட்டுப் பாப்பாவுக்கு அழுகை முட்டியது. அண்ணனுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

"ஏன்டி முகம் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? ஏதாவது தெரிஞ்சுதா?"

"அப்புறம் சொல்றேம்மா."

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா குளியலறைக்குள் போய் டிரம்மில் குழாயைத் திறந்துவிட்டு வந்தாள். இருநூறு லிட்டர் நீல டிரம். தண்ணீர் சன்னமாகத்தான் வரும், நிறைய அரை மணி ஆகும். அதற்குள் மாவைப் பிசைந்துவிடலாம் என்று அம்மா சமையலறைக்குப் போனாள். பாப்பா ஹாலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மணி ஆறு அடித்தது.

ஆறு இருபதுக்குக் குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து ஹாலுக்குள் வந்தது.

"என்னடி இது, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் நிறைஞ்சுடுச்சு?" என்று அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து வந்தது.

பாப்பா தண்ணீரைப் பார்த்தாள். முப்பது நிமிஷத்துக்கு இருநூறு லிட்டர். இருபது நிமிஷத்துக்கு நூற்று முப்பத்து மூன்று. மிச்சம் அறுபத்தேழு. வழியும் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டாள். சின்ன வயதில் அந்த டிரம்முக்குள் இறங்கி நின்றுகொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடிப்பான் அண்ணன். அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

கைபேசி அடித்தது. தெரியாத எண்.

"பாப்பா."

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பாப்பா, நான்தான். அண்ணன் பேசறேன். கேக்குதா?"

"அண்ணா?" என்றாள். வாய் மட்டும்தான் சொல்லியது.

"நல்லா இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கடையிலேருந்து பேசறேன். வேலையை நிறுத்திட்டாங்களான்னு கேக்க இப்பதான் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். உன் தங்கச்சி இங்க வந்திருக்கு, குழிக்குள்ள இறங்குச்சுன்னாரு. நீ எதுக்கு அங்க போன? யாரு உன்னைப் போகச் சொன்னா?"

"நீ செத்துட்டேன்னு நினைச்சேன்ணா. ஆறாவது குழியில ஒரு வண்டி மிஞ்சுச்சு..."

"அஞ்சாவதுலயே மிஞ்சுச்சே பாப்பா. நான்தானே எண்ணினேன். நான்தானே எழுதினேன். நான் என்னிக்கு எண்றதுல தப்பு விட்டிருக்கேன்?"

அந்தக் கேள்விக்குறி கண்ணில் வந்து நின்றது. ஐந்தாவது குழியில் கலவை மிஞ்சியபோது அண்ணன் உயிரோடு நின்று எழுதியிருக்கிறான். அந்த வரியைத்தான் அவள் தவறு என்று தள்ளிவிட்டாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் ஆறாவது குழியில இறங்கிப் பார்த்தேன். உள்ள யாரோ நின்னாங்க. யாருன்னு கேட்டேன், பதில் இல்ல. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறப் பார்த்துச்சு. முடியலை. கூப்பிடாம அதால வர முடியாது பாப்பா, அது அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா மேல வந்தப்புறமும் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருந்துச்சு. நான் வீட்டுக்கு வந்தா அம்மா கதவைத் திறந்து வா வான்னு சொல்லுவா. எனக்குப் பின்னால நிக்கறவனுக்கும் சேர்த்துத்தானே அது? அதான் வரலை. உங்க குரல்கூட அதுக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் போனையும் போட்டுட்டு ஓடினேன்."

பாப்பாவின் கண் குளியலறைக் கதவுக்குப் போனது.

"பாப்பா, குழிக்குள்ள நீ ஏதாவது பேசினியா? என்னன்னு கூப்பிட்ட?"

"அண்ணான்னு."

"பேரு சொல்லிக் கூப்பிட்டியா? என் பேரைச் சொன்னியா?"

"அண்ணனை எவ பேரு சொல்லிக் கூப்பிடுவா?" என்று அழுதாள். "அண்ணா, நீதானான்னு கேட்டேன். ம்னு சொல்லுச்சு."

வழிப்போக்கனும் அண்ணன், பஸ் ஓட்டுபவரும் அண்ணன். கொஞ்சம் மூத்த எந்த ஆண் நின்றாலும் அந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பான்.

"நான் என்னிக்காவது உனக்கு ம்னு பதில் சொல்லியிருக்கேனா?" என்றான் அண்ணன்.

இல்லை. சொல்லு பாப்பா என்பான். என்னடி என்பான். ஒரு நாளும் ம் என்றதில்லை.

"அதை வான்னு சொன்னியா?"

தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. குளியலறையில் குழாயின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கதவைத் தாண்டினால்தான் வாசல்.

"பாப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே வெளிய வா. எதையும் எடுக்காதே. அம்மா எங்க?"

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாவுக் கையோடு குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கதவு திறக்கவில்லை. உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

"அம்மா, வேணாம். இங்க வா" என்றாள் பாப்பா. குழிக்குள் இருந்ததுபோலவே பாதிக் குரல்தான் வந்தது.

குழாயை யாரோ மூடினார்கள். வீடு சட்டென்று அமைதியானது. டிரம்மிலிருந்து யாரோ எழுந்து நிற்பதுபோலத் தண்ணீர் சளப்பென்று தளும்பியது.

அம்மா கதவில் காதை வைத்தாள். இருபத்தைந்து நாளாக வாடிக் கிடந்த முகம் மலர்ந்தது.

"பெரியவனே! நீதானாடா?"

கைபேசியில் அண்ணன் அம்மா, அம்மா என்று கத்திக்கொண்டிருந்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகியது.

"ம்."